மைதானத்துக்குத் திரும்பிய மகனுக்கு

சேந்தன்,

நீ வினிப்பெக் போய் இன்றைக்கு ஒன்பது நாள். ரெலிபோனில் கதைக்கிறோம்தான். சாப்பிட்டாயா, அறை வசதியா, வேலை செய்கிற இடத்துக்குப் பஸ் கிட்டவா என்று நான் கேட்கிறேன், நீ ஓம் ஓம் என்கிறாய், அதோடு முடிந்துவிடுகிறது. விமான நிலையத்திலும் அப்படித்தான். சொல்ல நினைத்ததெல்லாம் நெஞ்சுக்குள் கிடக்க, ஓகஸ்ட் வெயிலில் நின்றுகொண்டு குளிர்ச்சட்டையை மறந்துவிடாதே என்று மூன்று தரம் சொன்னேன். நீ சிரித்தாய். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்ப்போம் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பைப் பற்றவைக்காமல் மேசையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். தமிழில் எழுதினால் நீ எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாய். இதை மெதுவாகவே வாசி.

நீ படையில் சேரப்போகிறேன் என்று சொன்ன நாளில் இருந்து தொடங்குகிறேன். எண்பத்திமூன்றாம் ஆண்டு, வைகாசி. பல்கலைக்கழகத்தில் முதல் வருடத்தை முடித்திருந்தாய். புள்ளிகள் மோசம். ஃபுட்போல் ரீமில் மட்டும் உனக்கு நல்ல பெயர். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும் ஓடுகிறவனைப் பாய்ந்து விழுத்துவதுமான இந்த நாட்டு ஃபுட்போலை நான் அடிபிடி என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். "என்னத்துக்குப் படிக்கிறன் எண்டு எனக்கே தெரியேல்லை, அம்மா. மூண்டு வருசம் ஆமியிலை இருந்திட்டு வந்து படிக்கிறன்" என்றாய். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உன்ரை வயசிலை நானும் ஒருத்தரையும் கேட்டு ஒண்டும் செய்யேல்லை" என்று சொன்னார். அது சம்மதமா கோபமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசத் தொடங்கியபோது நீ பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தாய்.

நீ பயிற்சிக்குப் போய் இரண்டு மாதத்தில் அந்த ஆடி மாதம் வந்தது. கொழும்பில் எங்கள் சனத்தின் வீடுகள் எரிகின்றன என்று செய்தி. எங்கள் வீட்டு ரெலிபோன் நாள் முழுவதும் அடித்துக்கொண்டே இருந்தது. கோயில் மண்டபத்தில் சனம் கூடி அழுதது. அங்கே ஒவ்வொருவர் வாயிலும் ஆமிக்காரன், ஆமிக்காரன் என்ற ஒரே சொல். பக்கத்தில் இருந்த ஒரு அன்ரி என்னிடம் திரும்பி, "உங்கடை மகன் இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டா. "ஒட்டாவாவிலை இஞ்சினியரிங் படிக்கிறார்" என்று சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல, மூச்சு விடுகிற மாதிரி வந்துவிட்டது. பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். நீ கனடா நாட்டுப் படையில்தான் இருக்கிறாய், அங்கே நடப்பதற்கும் உனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் உன்னை ஒளித்தேன்.

அடுத்த வருடம் என் அண்ணை, உன் மாமா, அகதியாக வந்து எங்கள் வீட்டு பேஸ்மென்றில் தங்கினார். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்த மனிதர். ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் ஆமிக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழு கிழமை, கிட்டத்தட்ட ஐம்பது நாள் கழித்து விட்டார்கள். அந்த ஏழு கிழமையைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டித் தொழிற்சாலையில் பின்னேர வேலைக்குப் போவார், வருவார், வேறெங்கும் போகமாட்டார்.

அந்த மார்கழியில்தான் நீ விடுமுறைக்கு வந்தாய். வருகிற நாளைச் சொல்லாமல், எங்களுக்குச் சந்தோசமாக இருக்கட்டும் என்று, சீருடையோடு, பனி ஒட்டிய பூட்ஸோடு வாசலில் வந்து நின்றாய். கதவைத் திறந்தவர் மாமா. நான் குசினி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்க்கும்போது அவர் இரண்டு அடி பின்னுக்கு வந்து, சேட்டுப் பையில் கையை விட்டு, தன் அடையாள அட்டையை எடுத்து உன் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். இந்த நாட்டில் ஒருவரும் கேட்காத அந்தப் பழைய அட்டையை அவர் பையில் கொண்டு திரிந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கை நடுங்கியது. "மாமா, இது நான். சேந்தன்" என்றாய் நீ. அவருக்குக் கேட்கவில்லை.

அப்போது நான் செய்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "நீ முதல்லை வெளியிலை போ. உந்த உடுப்பைக் கழட்டிப்போட்டு வா" என்று உன்னைப் பார்த்துக் கத்தினேன். நீ கராஜுக்குள் போய், அந்தக் குளிரில் உடுப்பு மாற்றிக்கொண்டு பின்கதவால் வந்தாய். உதடு நீலமாக இருந்தது. சோறு போட்டேன், சாப்பிட்டாய். பத்து நாள் நிற்க வந்தவன், முகாமில் வேலை இருக்கிறது என்று நாலாம் நாளே போய்விட்டாய். வேலை இல்லை என்று எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அதற்குப் பிறகு நீ சமாதானப் படையோடு சைப்பிரஸுக்குக் காவல் வேலைக்குப் போய் வந்த காலம் முழுவதும் நான் உனக்கு எழுதிய கடிதங்களில் காலநிலையைத் தவிர ஒன்றும் இருந்திருக்காது.

எண்பத்தியாறு வைகாசியில் நீ திரும்பி வந்தாய். ஆமிக்காரன் என்றால் இரும்பு மாதிரி வருவான் என்று அப்பா நினைத்திருந்தார். நீ வந்த கோலம் வேறு. சைப்பிரஸில் கணுக்கால் முறிந்து, அதன் பிறகு எட்டு மாதம் ஆமி ஸ்ரோர்ஸ் சாமான் அறையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறாய். இடுப்பில் சதை போட்டிருந்தது. சிகரெட்டும் பழகியிருந்தது. இருபத்திமூன்று வயதில் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினாய். ஆனால் வந்த மறுநாளே பல்கலைக்கழகத்துப் பழைய கோச்சைப் போய்ப் பார்த்தாய். அவர் உன்னை மறக்கவில்லையாம். ஓகஸ்டில் பயிற்சி முகாம் தொடங்கும், நாற்பது யார் தூர வேக ஓட்டமும் ஒன்றரை மைல் ஓட்டமும் வைப்பேன், ஓடி முடிக்கிறவனைத்தான் பார்ப்பேன், பழைய கதை பார்க்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அதை நீ சாப்பாட்டு மேசையில் சொன்னபோது அப்பா உன் வயிற்றைப் பார்த்தார். "அப்பா, பாக்காதேங்கோ. குறையும்" என்றாய். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் நாலு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

முதல் நாள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற உயர்பள்ளி மைதானத்தில் ஓடப்போனாய். ஒரு சுற்று முழுதாக ஓட முடியவில்லை. திரும்பி வந்து பின்படியில் குந்தியிருந்து இருமினாய். சிகரெட் பெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்தாய். எறியவில்லை. ஒரேயடியாக எறிந்துவிட்டாய் என்று நீ பிறகு மற்றப் பெடியங்களுக்குச் சொன்னது பொய். ஆனி மாதம் முழுவதும் ஒன்று, அரை என்று குறைத்துக் குறைத்துத்தான் விட்டாய். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் உனக்கு நான் செய்த இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் எனக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும். இன்ன நோயாளிக்கு உப்பில்லாமல், இன்ன நோயாளிக்குக் கொழுப்பில்லாமல் என்று அட்டையைப் பார்த்து அளந்து தட்டில் வைக்கிற வேலை. அளக்கத் தெரிந்த அதே கை, வீட்டுக்கு வந்ததும் உனக்குப் பால்சொதியும் இடியப்பமும், பொரித்த கத்தரிக்காயும், இறைச்சிப் பிரட்டலும் என்று மலையாகக் குவித்தது. மார்கழியில் வெளியே அனுப்பியவனை வைகாசியில் சாப்பாட்டால் உள்ளே கூப்பிட்டேன் என்று இப்போது விளங்குகிறது. "காணும், அம்மா" என்பாய். என் முகத்தைப் பார்ப்பாய். பிறகு இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்வாய். காலையில் ஓடப்போய் மைதானத்து வேலியோரம் தின்றதெல்லாம் சத்தியெடுப்பாய். அதை எனக்கு நீ சொல்லவில்லை. மாமாதான் சொன்னார். "தங்கச்சி, அவன் உனக்காண்டித் தின்னுறான். பிறகு அங்கை போய்க் கொட்டுறான். விளங்குதோ?" என்றார். அன்றைக்கு நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். அடுத்த நாளில் இருந்து தேங்காய்ப்பாலை நிறுத்தி, மீனை அவித்து, முட்டையின் வெள்ளைக்கருவை எடுத்து, ஆஸ்பத்திரி அட்டை மாதிரி ஒன்று எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டினேன். "மகன் ஆமியாலை வந்திட்டான். இப்ப வீடு ஆமியாப் போச்சு" என்று அப்பா முணுமுணுத்தார். அவருக்கும் அந்தக் கோடையில் எட்டு இறாத்தல் குறைந்தது.

நீ அங்கே கொட்டியது மாமாவுக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்டிருக்கமாட்டாய். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் பக்கத்தால் நடந்தது தெரியாது. முதல் இரண்டு கிழமையும் நீ பழைய ஆமி பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் ஓடினாய். வேறு சப்பாத்து வாங்கவில்லை. பாரமான பூட்ஸோடு ஓடினால் கால் கெதியாகப் பலப்படும் என்றாய். காலை ஆறு மணிக்கு நீ படியால் இறங்குகிற சத்தம் பேஸ்மென்றுக்கு நேரே மேலே கேட்கும். ஒருநாள் மாமா ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். அவர் தனியாகக் கடைக்குப் போனதே அதுதான் முதல் தரம். "பெடியனுக்கு ஓடுற சப்பாத்து" என்று என் கையில் தந்தார். ஏன் அண்ணை என்று கேட்டேன். "அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு அடிக்குது. அவன்ரை வீடு, அவன் நடக்கிறான். அவனிட்டை என்னண்டு சொல்லுறது? அதுதான் இதை வாங்கினனான்" என்றார்.

நான் உன்னிடம் காரணத்தைச் சொல்லவில்லை, மாமா வாங்கித் தந்தார் என்று மட்டும் சொன்னேன். சப்பாத்து உனக்கு இரண்டு அளவு சிறிது. "வாங்கோ மாமா, மாத்திக்கொண்டு வருவம்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு எக்ளின்ரன் வீதிக் கடைக்குப் போனாய். பத்து நிமிடப் பயணம். நீங்கள் மூன்று மணித்தியாலம் கழித்துத்தான் வந்தீர்கள். என்ன கதைத்தீர்கள் என்று இருவருமே சொல்லவில்லை. நான் கண்டது, அடுத்த நாள் காலை நீ புதுச் சப்பாத்தோடு இறங்கியபோது மாமா தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் நின்றதைத்தான். என் கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து நீ ஓட, அவர் கோட்டடியில் நின்று நேரம் பார்த்தார். ஃபுட்போலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஓட்டத்தைப் பற்றியும் தெரியாது. கச்சேரிக் கிளாக் மாதிரி நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதினார், நேற்றையதைவிடக் கூட என்றால் கூட என்றார், குறைய என்றால் குறைய என்றார், அவ்வளவுதான்.

அந்த மூன்று மணித்தியாலத்தில் நடந்ததை மாமா எனக்கு ஒரு வருடம் கழித்துச் சொன்னார். கோப்பிக் கடையில் நீ அவரிடம் சைப்பிரஸைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். நீ காவல் நின்ற இடத்தில் ஒரு வயதானவர் தினமும் தன் தோட்டத்துக்குப் போக அனுமதிக் கடதாசியை நீட்டுவாராம். முதல் நாட்களில் நீ கடதாசியை மட்டும் பார்த்துவிட்டுப் போகவிடுவாயாம். ஒருநாள் அவருடைய கை நடுங்குவதைப் பார்த்தபோது உனக்கு மாமா அட்டையை நீட்டியது நினைவுக்கு வந்ததாம். அதற்குப் பிறகு முதலில் அவர் முகத்தைப் பார்த்து, காலை வணக்கம் சொல்லி, அதன் பிறகுதான் கடதாசியைப் பார்த்தாயாம். "எனக்கு முன்னாலை ஒருத்தனாவது அப்பிடி நிண்டிருந்தால், தங்கச்சி" என்றார் மாமா. நான் ஒன்றரை வருடமாக உன்னோடு கதைக்கத் துணியாததை நீ அவரோடு ஒரு கோப்பிக் கடையில் கதைத்து முடித்திருக்கிறாய். அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. வெட்கம்தான் கூட.

ஆடி மாதத்தில் ஒரு கலியாண வீட்டில் அந்த அன்ரியைச் சந்தித்தோம். "என்ன தம்பி, ஒட்டாவாவிலை இஞ்சினியரிங் முடிச்சாச்சோ?" என்று உன்னைக் கேட்டா. என் பொய் எனக்கு முன்னால் வந்து நின்றது. நீ என்னை ஒருதரம் பார்த்தாய். "இல்லை அன்ரி, அது எனக்குச் சரிவரேல்லை. இப்ப இஞ்சை வேறை படிக்கிறன்" என்றாய். காரில் வரும்போதும் நீ அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். பிறர் பிழையை மூடிவிடுகிற இந்தக் குணம் உனக்கு நல்லதுதான், மகனே. ஆனால் எல்லாப் பிழையையும் மூடாதே. கிட்ட இருக்கிறவர்களிடம் சிலநேரம், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேள். கேட்காவிட்டால் அவர்கள் என்னைப் போல வருடக்கணக்கில் சுமந்துகொண்டு திரிவார்கள்.

ஓகஸ்ட் வந்தது. ஒன்றரை மைலை ஓடி முடித்தாய், கடைசிக்கு முதல் ஆளாக. நாற்பது யார் ஓட்டத்தில் பத்தொன்பது வயதுப் பெடியங்கள் உன்னைத் தாண்டிப் போனார்கள். உன்னை அவர்கள் கிழவர் என்று கூப்பிட்டார்களாம். பத்தாம் நாள் பெயர்ப் பட்டியலை ஒட்டினார்கள், அதில் நீ இல்லை. வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு மேலே போய்ப் படுத்தாய். நான் ஏதாவது செய்து தரட்டோ என்று கேட்கப் படியேறி, பாதியில் நின்றுவிட்டேன். இந்த முறை சாப்பாட்டோடு போகக்கூடாது என்று என்னையே பிடித்து நிறுத்தினேன். வெறுங்கையோடு வந்து உன் கட்டிலில் இருந்தேன். பிறகு நீ சொன்னாய்: "நாளைக்கு கோச்சிட்டைப் போய், சும்மா வந்து பிராக்ரிஸ் பண்ணட்டோ எண்டு கேக்கப்போறன். விளையாட விடத் தேவையில்லை." நான் கேட்டேன், "அவர் மாட்டன் எண்டால்?" "மாட்டன் எண்டால் வந்து உங்கடை இடியப்பத்தைச் சாப்பிடுறன்."

அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. இலக்கம் இல்லாத சட்டையோடு ஐந்து கிழமை மற்றவர்கள் மோதிப் பழகுகிற மெத்தைப் பொதியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். தோள் முழுவதும் நீலமாகக் கண்டிப்போய் வருவாய். விளையாடமாட்டாய் என்று தெரிந்தும் ஒருநாள்கூடப் பிந்திப் போகவில்லை. ஒக்ரோபரில் ஒருவனுக்கு முழங்கால் பிசகியது. கோச் உனக்கு இலக்கம் தந்தார்.

நாங்கள் மூன்று பேரும் வந்த அந்த முதல் மாட்ச், எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மழைத் தூறல். அப்பா குடையைப் பிடித்தார், பின்னால் இருந்தவர்கள் ஏசினார்கள், குடையை மடக்கி நனைந்தோம். விதிகள் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. மற்றப் பக்கத்தான் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓட, எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் அவனை விட்டுவிட, நீ எங்கிருந்தோ ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்துச் சேற்றில் விழுந்தாய். நீ எழும்பும்வரை நான் மூச்சு விடவில்லை. மாமா கதிரையில் ஏறி நின்று, "அவன் எங்கடை பெடியன், எங்கடை பெடியன்" என்று பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரருக்குத் தமிழில் சொன்னார். அந்த மனிதர் என்ன விளங்கினாரோ, மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மாட்ச் தோற்றுப்போனீர்கள். அடுத்த வருடம் நீ நிரந்தரமாக விளையாடியதும், படிப்பை முடித்ததும், இப்போது வினிப்பெக்கில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்குகிற வேலை கிடைத்ததும் நல்ல செய்திகள். ஆனால் நான் ஆரும் கேட்டால் சொல்வது அந்தத் தோற்ற மாட்ச்சைத்தான். இப்போதெல்லாம் ஆரும் கேட்டால், என் மகன் மூன்று வருடம் ஆமியில் இருந்தவன் என்றும் சொல்கிறேன்.

அந்த மார்கழி நாளில் நான் இருவருக்கும் நடுவில் வந்து நின்று, "அண்ணை, இது எங்கடை பிள்ளை" என்று சொல்லியிருக்க வேண்டும். மாமாவின் பயம் நியாயமானது. அதற்கு உன்னை நான் வெளியே அனுப்பியது நியாயமில்லை. பயப்பட்டவரைத் தேற்றுவது கஷ்டம், சொல் கேட்கிற பிள்ளையை ஏசுவது சுகம் என்பதால் சுகமானதைச் செய்தேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நாளைக்கு உனக்கென்று ஒரு வீடு, பிள்ளைகள் என்று வரும்போது, வாசலில் ஆர் எந்தக் கோலத்தில் வந்து நின்றாலும் முதலில் உள்ளே எடு. கேட்க வேண்டியதைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கலாம்.

இனி என் பாடு ஒன்று. உன்னிடம் மறைத்தால் மறுபடி பொய்யாகிவிடும். போன மாதம் எனக்கு இரத்தத்தில் சீனி கூட, சீனி வருத்தம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பயப்படாதே, தொடக்கம்தான். மருந்தோடு தினமும் நடக்க வேண்டுமாம். மற்றவர்களின் தட்டை இத்தனை வருடம் அளந்தவள் என் தட்டை அளக்க மறந்துவிட்டேன். நேற்றுக் காலை மாமாவிடம் சொல்லாமல், அப்பாவிடமும் சொல்லாமல், பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். சேலையோடு போக வெட்கமாக இருந்தது, அதனால் அப்பாவின் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டேன். ஒரு சுற்று நடந்தேன். இரண்டு இடத்தில் நின்றேன். இரண்டாம் தரம் நின்றபோது திரும்பிவிடலாமா என்று யோசித்தேன், வந்த தூரமும் போகிற தூரமும் ஒரே அளவாக இருந்தபடியால் போய் முடித்தேன். முழங்கால் இப்போதும் நோகிறது. நோவோடு தினமும் நடக்கலாமா, ஒருநாள் விட்டு நடக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ அடுத்த ஞாயிறு ரெலிபோன் எடுக்கும்போது ஓம் ஓம் என்று வைத்துவிடாமல், அதை எனக்கு ஆறுதலாகச் சொல்லித் தா.

அம்மா